சூரியனுக்கு டூட்டி போட்டவர்

ஓசூரில் சூரியனுக்கே ஷிப்ட் போட்டு வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஆட்டோமேட்டிக்தான். பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சிப்காட்டில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்த எட்டுக் குடித்தனங்கள் வரிசையாக இருந்தோம். இவர் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவர். எது கெட்டுப்போனாலும் "சரி பண்ணிருவோம் அண்ணாச்சி" என்பார். கெட்டுப்போகாததையும் சரி பண்ணிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

எங்கள் கேட்டுக்கு மேலே ஒரு பல்பு. அதன் ஸ்விட்ச் ஓனரம்மா வீட்டுக்குள். ஓனரம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாத்திரம் கழுவி, குளித்து, சாமி விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் அந்த ஸ்விட்சைத் தட்டிக் கும்பிடுவார். அதற்குள் ஷிப்ட் விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டுக்கு முன்னால் இருந்த சாக்கடையில் கால் வைத்திருப்பார்கள். ஒருநாள் ஆட்டோமேட்டிக்கும் வைத்தார், கையில் ஒரு டஜன் முட்டையோடு. அன்றே முடிவு கட்டிவிட்டார்.

பெங்களூர் போய் பட்டாணி அளவில் ஒரு சாமான் வாங்கி வந்தார். "இது கண்ணு அண்ணாச்சி. வெளிச்சம் பாத்தா லைட்டை அணைச்சிரும். இருட்டுனா போட்டுரும். மனுசன் கையே வேண்டாம்." அதை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, பல்புக்கு நேர் கீழே மாட்டினார்.

இருட்டியது. பல்பு எரிந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. பல்பின் வெளிச்சத்தைப் பார்த்து, விடிந்துவிட்டதாக அந்தக் கண் நினைக்கும். அணைத்ததும் இருட்டிவிட்டதாக நினைக்கும். பாவம், அதற்கு நிமிஷத்துக்குப் பத்து நாள் கழிந்தது. தெருவில் போனவர்கள் கல்யாண வீடா என்று விசாரித்தார்கள். கெலமங்கலம் பஸ் ஒன்று, யாரோ கை காட்டுகிறார்கள் என்று நினைத்து நின்றே விட்டது.

"சரி பண்ணிருவோம்" என்று டப்பாவைச் சாலைப் பக்கம் திருப்பினார். இப்போது லாரியின் ஹெட்லைட் பட்டால் விளக்கு அணைந்தது. அதுவும் சரியாகச் சாக்கடையைத் தாண்டக் காலைத் தூக்கும்போது. அதற்குக் கொட்டாங்குச்சியில் ஒரு குல்லா செய்து மாட்டினார். அதோடு ஒருவழியாக அடங்கியது.

வினை வானத்திலிருந்து வந்தது. ஒரு சாயங்காலம் முதல் ஷிப்ட் முடித்து டீக்கு ஏங்கி வந்து சேர்ந்தோம். மேகம் கப்பென்று கவிந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. ஓனரம்மா அப்போதுதான் பால் கறந்து, வழக்கம்போல எங்களுக்கு ஊற்றச் சொம்போடு வாசலுக்கு வந்தார். பல்பைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

"அம்மா, பாலு?"

"ஏனப்பா, கண்ணு தெரியலையா? விளக்கு வெச்சாச்சு. விளக்கு வெச்ச பின்னால பாலு, தயிரு, உப்பு, வெள்ளையா எதையும் வெளிய குடுக்க மாட்டேன். லச்சுமி போயிடுவா."

"மணி நாலுகூட ஆகலைம்மா!"

"அதை அந்த டப்பாகிட்ட சொல்லு போ."

எட்டு வீட்டிலும் அன்று டீ இல்லை. டீ இல்லாத தொழிலாளி எதற்கும் துணிவான். அந்த வாரம் முழுக்க மழை மேகம்; நாலு நாள் பால் போயிற்று. கடைசியில் ஓனரம்மா தீர்ப்புச் சொன்னார். கோபம் வந்தால் அவருக்கு 'வேண்டாம்' என்பது கன்னடத்தில் 'பேட' ஆகிவிடும். "நீயும் பேட, உன் டப்பாவும் பேடப்பா. மாசக் கடைசிக்குள்ள அதைக் கழட்டு. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு."

கழற்றவில்லை மனிதர். ஏணியைப் போட்டு, டப்பாவுக்குள் இருந்த திருகாணியைத் திருகித் திருகி, அதற்கு மேகத்துக்கும் அந்திக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கொட்டாங்குச்சிக்கு மேல் நான் வேட்டியைப் பிடித்தால் அது மேகம், விளக்கு எரியக் கூடாது. கம்பளியைப் பிடித்தால் அந்தி, எரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேகமாகவும் அந்தியாகவும் நின்று எனக்குத் தோள் கழன்றது.

"ஏன்யா இந்தப் பிடிவாதம்? ஒரு பல்புக்காக ரூமை விடுவியா?" என்று எரிந்து விழுந்தேன்.

ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார். "சின்னதுலருந்து ஹாஸ்டலு, பெறகு மெஸ்ஸு, இப்பம் இந்த ரூமு. நான் வாரப்ப வாசல்ல ஒரு லைட்டு எரிஞ்சு நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. நமக்காவ விளக்கு வெச்சிருந்தாத்தான அது வீடு? கம்பளிய நேராப் பிடிங்க."

கம்பளியை நேராகப் பிடித்தேன்.

மாதக் கடைசி வந்தது. ஓனரம்மா பேரிகை என்ற ஊரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து தீர்ப்பை நிறைவேற்றுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆட்டோமேட்டிக் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். டப்பா மட்டும் மேலேயே இருந்தது. பேரிகை பஸ் தாமதம். தூறல் போட்டது, மேகம் கவிந்தது. விளக்கு எரியவில்லை, படித்த பாடம் அப்படி. பிறகு நிஜமாகவே அந்தி வந்தது. எரிந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் ஓனரம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். சாக்கடைக்கு முன்னால் நின்றார். பல்பைப் பார்த்தார். வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருந்தவர். எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் அவர்தான் விளக்கு வைத்தார். வெளியே போய்த் திரும்பும்போது அவருக்காக ஒரு விளக்கும் எரிந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"யாரு விளக்கு வெச்சது?"

தானாக எரிந்தது என்று சொன்னால் கதை முடிந்தது.

"நாந்தான் வெச்சேம்மா" என்றார் ஆட்டோமேட்டிக். "போன மாசமே வெச்சுட்டேன். நீங்க இன்னைக்குத்தான் வாரிய."

ஓனரம்மா சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா, தூறலில் தெரியவில்லை. "வெச்சது இருக்கட்டும் பா. ஆனா பாலுக்கு என் சாமி விளக்குதான் கணக்கு. பொட்டிய உள்ள எடுத்துக்கினு போ" என்றார்.

எட்டு வீட்டுக்கும் டீ பிழைத்தது.

பிறகு ஆட்டோமேட்டிக் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் சொந்த வீடு கட்டி, வாசலுக்குக் கடையில் விற்கிற சென்சார் வாங்கி மாட்டியிருக்கிறேன். அது எரியும்போதெல்லாம் என் மனைவி கும்பிடுகிறாள். நான் மட்டும் "வெச்சுட்டான்யா" என்று சொல்லிக்கொள்கிறேன்.