மொளகு நானாவின் மூக்கும் என் லப்டொப்பும்

மாத்தளையில் மொளகு நானா மணந்து பார்க்காத லப்டொப் என்று ஒன்று இருந்தால், அது களவெடுத்ததாகத்தான் இருக்கும். நேர்வழியில் வாங்கியது எதுவும் அவருடைய மூக்குக்குத் தப்பியதில்லை.

இத்தனைக்கும் நானாவுக்கு லப்டொப் கடை கிடையாது. ரிப்பேர் வேலையும் தெரியாது. மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஸ்டோர் ஒன்று வைத்திருக்கிறார், அவ்வளவுதான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. மகளின் கல்யாணக் கார்டில் உண்மைப் பெயரை அச்சடித்துத் தொலைத்துவிட்டதால், யாரோ முன்பின் தெரியாத மனிதர் வீட்டு விசேஷம் என்று பாதி ஊர் போகாமலே இருந்துவிட்டது. மற்றப் பாதி, கார்டைக் கொண்டுவந்து கொடுத்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு போய்ப் புரியாணி சாப்பிட்டது.

பள்ளிக்கூடங்களை மூடி, பிள்ளைகளெல்லாம் வீட்டில் இருந்தபடி திரையைப் பார்த்துப் படித்த காலத்தில்தான் அவர் இந்தத் துறைக்குள் காலடி வைத்தார். அவருடைய மருமகன் வாங்கிய பழைய லப்டொப் ஒரே வாரத்தில் மூச்சை விட்டுவிட்டது. நானா அதைத் தூக்கி ஒரு தடவை மணந்துவிட்டு, “இது மழையில நனைஞ்சு காய வச்ச சாமான்டா! ஈர மொளகும் இதும் ஒரே மணம். வாங்கக்குள்ள ஒனக்கு மூக்கு எங்க போச்சு?” என்று கேட்டார். விற்ற கடைக்குப் போய் இதையே சொன்னதும், கடைக்காரர் முகம் வெளிறிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் எவர் லப்டொப் வாங்கப் போனாலும், முதலில் நானாவின் ஸ்டோருக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். கூலி ஒரு பிளேன்டீ. சீனி தனியாக, கையில்.

மிளகு வாங்குகிறவர் சாக்கின் மேலே உள்ளதைப் பார்க்கமாட்டார். கையை முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் இருந்து ஒரு பிடி அள்ளித்தான் பார்ப்பார். “மேல கெடக்குற மொளகு மாப்புள மாதிரி சிரிக்கும் தங்கச்சி. அடியில உள்ளதுதான் புருஷன்” என்று நானா விளக்குவார். லப்டொப்புக்கும் அதே சட்டம்தான். மேல்மூடியின் பளபளப்பை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் போட்டு ஸ்குரூ ஆணிகளை எண்ணுவார். ஒன்பது கறுப்பு ஆணிக்கு நடுவில் ஒரு வெள்ளை ஆணி இருந்தால், “இதுக்கு ஒப்பரேஷன் செஞ்சீக்கி” என்று ஒதுக்கிவிடுவார். பிறகு சூட்டுக்காற்று வெளியே வருகிற ஓட்டையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். அப்போது கடைக்குள் ஒருவரும் பேசமாட்டார்கள்.

பல்லேபொலப் பக்கத்திலிருந்து வந்த கணக்கு டீச்சர் ஒருவர் ஒருநாள் பார்த்து வைத்திருந்த லப்டொப்பை நானா மணந்துவிட்டு, “டீச்சர், இது கருவாட்டுக் கடைக் கல்லாவுல இருந்தது” என்றார். விற்க வந்தவர் அப்படியெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னார். நானா மூக்கை இன்னொரு தடவை வைத்து, “நெத்தலி” என்றார். அந்த மனிதர் லப்டொப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை.

பழசா புதுசா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார். எங்கே வைத்து வேலை செய்வீர்கள்? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? உங்களுக்குக் கோபம் வருமா? எங்கள் பங்குச் சாமியாரிடமே இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் அவர்.

“கோவமா? எனக்கா? வராதே” என்றார் ஃபாதர்.

“அப்ப புதுசு எடுங்க ஃபாதர். கோவக்காரங்க மூடியப் படார்னு அடிப்பாங்க. அதுக்குப் பழசுதான் சரி, அடிவாங்கிப் பழகினது.”

ஃபாதர் புதுசு வாங்கினார். அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்தில் கூடக் குரலை உயர்த்தியதில்லை என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். பதினான்கு வருடம் வேலை செய்த அலுவலகத்தை ஒரு மாதத் தவணை கொடுத்து இழுத்து மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எட்டு மாதம் அலுவிகாரையில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் கொழும்பில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியது. பரீட்சையாக நாற்பது பக்கம் அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் பார்க்கமாட்டார்களாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் லப்டொப் இல்லை. சேமிப்பில் ஒன்று வாங்கலாம், ஒரு தடவைதான் வாங்கலாம்.

அந்தக் காசுக்குக் கிடைப்பது இரண்டுதான். ஒன்று, புத்தம் புதுசு, ஆனால் ஆமை. மற்றது, ஏதோ பெரிய கம்பனியில் வேலை செய்து கழித்த பழசு, ஆனால் குதிரை. என் புருஷன் அன்டன் த்ரீவீல் ஓட்டுகிறவர். பழைய த்ரீவீல் ஒன்றை வாங்கி வாழ்நாள் முழுக்க அதைத் தள்ளியவர்.

“புதுசே எடு. வொரண்டி இருக்கு. பேக் ஒண்ணும் சும்மா குடுக்குறாங்க” என்றார்.

“பேக்கை வச்சு நான் மொழிபெயர்க்கவா?” என்று கேட்டேன். அவர் நானாவைக் கூட்டிவரப் போனார்.

சுமித் என்பவருடைய கடைக்குப் போனோம். நானா உள்ளே கால் வைத்தவுடன் சுமித் எழுந்து ஃபேனை நிறுத்தினார். காற்றடித்தால் மணம் கலைந்துவிடுமாம், அது கடையின் வழக்கம். நானா என்னிடம் மூன்று கேள்வியையும் கேட்டார். கோபம் வருமா என்ற கேள்விக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே அன்டன், “ஐயோ நானா!” என்றார்.

“அப்ப பழசுதான்” என்று தீர்ப்பாகிவிட்டது.

நானா குதிரையைக் கவிழ்த்து ஆணி எண்ணினார். சரி. மூடியை ஒற்றை விரலால் தூக்கினார். சரி. பிறகு மூக்கை வைத்தார். இடது மூக்கு, வலது மூக்கு, மறுபடி இடது மூக்கு. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்தார்.

“நல்ல சாமான். எடுங்க தங்கச்சி.”

எனக்கு ஏதோ அடிப்பிடித்த சட்டி மாதிரி மணந்தது. அன்டனைப் பார்த்தேன், அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். சுமித் தன்னுடைய மூக்கைத் தேய்த்தார். சார்ஜர் வாங்க வந்த ஒரு பெண் லேன்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானா நல்லம் என்று சொன்ன பிறகு மற்றவர்களுடைய மூக்குக்கு மாத்தளையில் என்ன மரியாதை? பிழை என் மூக்கில்தான் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

மூன்று நாள் குதிரை பாய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, இன்னும் ஒன்பது பக்கம் மிச்சம் இருக்கும்போது, ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. குசினிவரைக்கும் கருகல் மணம் வந்தது. திரை கறுத்துவிட்டது. செய்து முடித்ததை முந்தின இரவே எனக்கு நானே மெயிலில் அனுப்பி வைத்திருந்தேன், அதனால் முப்பத்தொரு பக்கமும் பிழைத்தது. ஆனால் மிச்சத்தை எதில் செய்வது? அன்டன் த்ரீவீலை எடுத்தார். சுமித்தின் கடை பூட்டிக் கிடந்தது, பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். நேரே நானாவின் ஸ்டோருக்குப் போனோம்.

நான் சொல்லத் தொடங்கவேயில்லை. என் கையில் லப்டொப்பைப் பார்த்தவுடன் நானா சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, என்னை நல்லா ஏசுங்க. அன்னைக்கி எனக்குத் தடிமன். ரெண்டு மூக்கும் அடைப்பு. வல்லாஹி, ஒண்ணுமே மணக்கல்ல.”

“அப்ப ஏன் நானா மணந்தீங்க?”

“கடையில நாலு பேர் பாத்துக்கிட்டு நின்டாங்களே!”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டோரில் இருந்த அத்தனை மிளகையும் அவர் தலையில் கொட்டியிருப்பேன். ஆனால் அழுகைதான் வந்தது. எட்டு மாதம் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து, மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் நின்று விக்கி விக்கி அழுதேன். அன்டன் என்ன செய்வதென்று தெரியாமல் த்ரீவீல் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா எழுந்து உள்ளே போனார். உயரத் தட்டிலிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்தார். உள்ளே லப்டொப் பெட்டி, ஒட்டின டேப் ஒட்டினபடி.

“யாருடையது நானா?”

“என்னோடது. எடுத்து ரெண்டு வருஷம்.”

“திறக்கவே இல்லையா?”

“திறந்தாப் பழசாகிடுமே தங்கச்சி!” என்றார். “ஊருக்கெல்லாம் பழசா புதுசான்னு சொல்றேன். எனக்குன்னு எடுத்தத திறக்க மனசு வரல்ல. சுபஹு தொழுதுட்டு வந்து கடையத் திறந்ததும், இந்த மூலையில ஒருக்கா மணந்துட்டுத் திருப்பி வச்சிருவேன். புதுச் சாமான்ட மணம். அது ஒருக்காப் போனாத் திரும்ப வராது.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் மூலையில் மூக்கை வைத்து ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். பிறகு சாக்குக் கிழிக்கிற கத்தியை எடுத்து, “பிஸ்மில்லாஹ்” என்று டேப்பை ஒரே இழுவையில் கிழித்தார்.

“இப்ப பழசு. பிடிங்க, வேலையப் பாருங்க.”

புது லப்டொப் எழுந்தவுடன் வேலை செய்யுமா? எந்த நாடு, என்ன பாஷை, உன் பெயர் என்ன, இதற்குச் சம்மதமா, அதற்குச் சம்மதமா என்று அது பொலிஸ் விசாரணை மாதிரி கேட்டுக்கொண்டே போனது. நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “நானே மூணு கேள்விதானே கேக்குறேன், இது என்ன இந்தப் பாடு படுத்துது?” என்று பல்லைக் கடித்தார். அன்டனின் ஃபோனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, தமிழ் எழுத்து வந்து சேரும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது. கராம்புப் பெட்டி மேசை, மிளகுச் சாக்கு கதிரை. நான் பக்கத்துக்கு ஒரு தும்மல் போட்டேன்.

நானா வாசலில் காவல் நின்றார். மிளகு கொண்டு வந்தவர்களை, “பொறகு வாங்க, உள்ளுக்கு ஒரு புள்ள பரீட்சை எழுதுது” என்று திருப்பி அனுப்பினார். ஒரு வியாபாரி, ஊரறிந்த பெரிய கை, சண்டைக்கே வந்துவிட்டார். “போங்க முதலாளி, மொளகு நாளைக்கும் காய்க்கும்” என்று நானா அசையாமல் நின்றார். நாற்பத்து மூன்று வயதில் என்னைப் புள்ள என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினேன். “போச்சா?” என்றார் நானா. “போயிட்டுது நானா” என்றேன். தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்கு ஓடினார், ஸ்டோரைப் பூட்டக்கூட இல்லை. அன்டன்தான் ஒரு மணிநேரம் மிளகுக்குக் காவல் இருந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, சுமித்தின் கடையில் ஆட்கள் நிறைந்திருக்கிற நேரம் பார்த்து நானா போனார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அன்னைக்கி எனக்குத் தடிமன், பொய்க்கு மணந்தேன், அந்தப் புள்ளைக்குக் கருகின சாமானைக் குடுக்க வச்சிட்டேன்” என்றார். சுமித் மெல்ல, “எனக்கும் மணந்துச்சு நானா, நீங்க நல்லம்னு சொன்னதுக்குப் பொறகு நான் என்னத்தச் சொல்ல?” என்றாராம். அன்றே என் லப்டொப்பை மாற்றி இன்னொன்று தந்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இத்தனை வருடப் பெயரை இப்படிப் போட்டு உடைக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது, சத்தியமாக.

நானாவின் லப்டொப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, அவர் அதை மணந்து பார்த்தார். “மொளகு மணம்தான் வருது” என்றார். “பரவாயில்ல, நம்ம சாமான் மாதிரி ஈக்கி.” இப்போது தினமும் திறக்கிறாராம், கட்டாரில் இருக்கிற மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறாராம்.

பத்து நாளில் கொழும்பிலிருந்து மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. நான் முதலில் நானாவுக்குத்தான் ஃபோன் செய்தேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு, “சரி தங்கச்சி வைங்க, கடைக்கு ஆள் வந்தீக்கி” என்று வைத்துவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அரை மணிநேரத்தில் வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. கையில் ஒரு பார்சல் மஸ்கட் இனிப்போடு நானா இறங்கினார்.

“ஆள் ஒண்ணும் வரல்ல தங்கச்சி. பேச வாய் வரல்ல, அதான் வச்சிட்டேன்.”

அன்டனுக்குச் செய்தி தெரிந்ததே, பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து மஸ்கட் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிறகுதான். கட்டின புருஷனுக்கு முதல் மொளகு நானாவுக்கா சொன்னாய் என்று இன்றைக்கும் கோபிக்கிறார். கோபிக்கட்டும்.