திருத்திய பதிப்பில் விளக்கு எரியவில்லை

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த என் மைத்துனனுக்கு, உன் அத்தான் ஆசிகளோடு எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமில்லை என்று எழுதினால் நீ பதறிப்போய் போன் செய்வாய். நீ பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது உனக்குப் புரியாது, இருவருக்கும் தொண்டை வலிதான் மிச்சம். ஆகவே நலம் பற்றிய வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள். உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த மின்சுற்று மென்பொருளை நான் புதுப்பித்துவிட்டேன். நீ சொல்லித்தான் செய்தேன். 'அப்டேட் பண்ணிடாதீங்கன்னுதானே அத்தான் சொன்னேன்' என்று நீ பிறகு செய்தி அனுப்பியிருந்தாய், படித்தேன். என் காதில் விழுந்தது 'பண்ணிடுங்க' என்பதுதான். நடுவில் இருந்த 'தீ' வழியிலேயே அணைந்துவிட்டது போலிருக்கிறது. அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து காலமெல்லாம் பிழை திருத்திக் காதைத் தொலைத்தவனிடம் இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் போனில் சொல்லலாமா? எழுத்தில் சொல்லியிருந்தால் ஓர் ஒற்றெழுத்துகூட என்னிடமிருந்து தப்பியிருக்காது. ஆனாலும் உன்னை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டை தினமும் வந்து நின்று, 'பல பிழைகள் திருத்தப்பட்ட புதிய பதிப்பு தயார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 'பிறகு' என்பதை அழுத்தி அழுத்தி நானும் நாளைக் கடத்திப் பார்த்தேன். பிழை திருத்திச் சோறு தின்றவன் எத்தனை நாள்தான் திருத்திய பதிப்பை வேண்டாம் என்று சொல்வான்?

அந்தக் கம்ப்யூட்டரில் உங்களுக்கு என்ன வேலை என்று நீ கேட்கலாம். கேட்கமாட்டாய், ஆனால் உன் மனைவி கேட்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். உன் அக்கா எடை இயந்திரத் தொழிற்சாலையில் சர்க்யூட் வரைந்துகொண்டிருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்த மென்பொருளில் ஒரு சர்க்யூட்டை வரைந்து 'ஓட்டு' என்றால், ஒரு கம்பியைக்கூடத் தொடாமல், அது நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று திரையிலேயே காட்டிவிடும். அவள் படுத்த படுக்கையான பிறகு பின்னறையில் இருந்து என்னைக் கூப்பிடுவாள். முன்னறையில் இருக்கும் எனக்குக் கேட்காது. கை தட்டிப் பார்த்தாள். கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்த்தாள். ஒருநாள் செருப்பை எடுத்து வீசினாள். அது கதவில் பட்டு விழுந்தது. நான் காற்று என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று அவள், "உங்களைக் கத்திக் கத்திக் கூப்பிட்டுச் சாகறதைவிட ஒரு சர்க்யூட் போட்டுட்டுச் சாகலாம்" என்று சொல்லி, லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டாள்.

அவள் கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச், என் நாற்காலிக்கு எதிரே ஒரு விளக்கு, நடுவில் எனக்குப் புரியாத ஏதேதோ. அவ்வளவுதான் சர்க்யூட். சுவிட்சுக்குப் பக்கத்தில் 'நான்' என்று தமிழிலேயே பெயர் போட்டாள். விளக்குக்குப் பக்கத்தில் 'நீங்க' என்று போட்டாள். ஓட்டிக் காட்டினாள். திரையில் சுவிட்சை அழுத்தினால் திரையில் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"பாருங்க, நான் அழுத்தினா நீங்க எரிவீங்க."

"கல்யாணமான நாளா அதுதானே நடக்குது" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சாமான்கள் வாங்கி நிஜமாகவே பூட்டிவிடலாம் என்று இருந்தோம். அதற்குள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீதான் என் பக்கத்தில் நின்றாய்.

அவள் போன பிறகு சாயங்காலம்தோறும் நான் அந்த லேப்டாப்பைத் திறந்து 'நான்' என்பதை அழுத்துவேன். 'நீங்க' எரியும். எழுந்து பின்னறைக்குப் போய், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். படுக்கையைச் சுருட்டி வைத்தாகிவிட்டது. அங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குக் காதுதான் கேட்காது, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூப்பிட்டால் போக வேண்டும் அல்லவா? இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியோடு வந்து என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாய்.

புதிய பதிப்பு இறங்கி முடிந்ததும், 'இந்த வரைபடம் பழைய வடிவில் உள்ளது, மாற்றிச் சேமிக்கவா' என்று கேட்டது. மாற்றினால் திரும்ப முடியாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன், படிக்காமல் இல்லை. திருத்திய பதிப்பு வந்த பிறகு பழைய படியை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற தொழில் புத்தியில் 'ஆம்' என்று அழுத்தினேன். கேட்காத இன்னொரு காரியத்தையும் அதுவே செய்தது: இடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிப் பழைய பதிப்பை அழித்துவிட்டது. பிறகு படம் வந்தது. 'நான்' இருந்த இடத்தில் நான்கு கேள்விக்குறிகள். 'நீங்க' இருந்த இடத்தில் ஐந்து. அவளைவிட எனக்கு ஒரு கேள்விக்குறி அதிகம் கொடுத்திருந்தார்கள். சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று சுவிட்சை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. 'இந்தச் சுற்றுக்குத் தரை இல்லை' என்று ஒரு வாக்கியம் வந்தது. இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அர்த்தம்தான் விளங்கவில்லை. எனக்கும்தான் இல்லை என்று அதனிடமே சொன்னேன்.

திரையிலேயே உதவிக்கு ஒரு பெட்டி இருந்தது. அதில் எழுதினால் பதில் வரும். கணக்கின் உரிமையாளரே வந்து பேச வேண்டும் என்றது. கணக்கு உன் அக்கா பெயரில் இருக்கிறது. 'அவர் காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். 'காலாவதியான கணக்கைப் புதுப்பிக்க விரும்புகிறீர்களா?' என்று பதில் வந்தது. காலமாவது வேறு, காலாவதி வேறு என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். புரிந்துகொண்டதற்கு நன்றி தெரிவித்துவிட்டு, உறுதிசெய்வதற்கான எண்ணை அவளுடைய கைபேசிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்தக் கைபேசி எண்ணை நீயும் நானும் போய்த்தான் ரத்து செய்துவிட்டு வந்தோம். இப்போது அந்த எண் யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு என்ன குழப்பமோ. கடைசியில், 'உரிமையாளர் எப்போது கிடைப்பார்?' என்று கேட்டது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

பிறகுதான் 'சந்தேக'த்துக்கு ஆள் அனுப்பினேன். உனக்கு அவளைத் தெரியும். தொழிற்சாலையில் உன் அக்காவுக்கு அடுத்த மேசைக்காரி. யார் எதைச் சொன்னாலும் 'நிச்சயமாவா?' என்று கேட்பதால் உன் அக்கா வைத்த பெயர் அது. 'எனக்குச் சந்தேகம் வந்திருக்கு' என்று உன் அக்கா சொன்னால், நான் என்ன செய்து தொலைத்தேனோ என்று பயந்துகொண்டு வீட்டுக்குள் போவேன். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பாள். இந்த முறையும் வந்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பழைய பதிப்பு தரையிணைப்பை, அதாவது எர்த்தை, தானாகவே இருப்பதாக வைத்துக்கொள்ளுமாம், புதியது நாமே வரைந்து காட்ட வேண்டும் என்கிறதாம். வரைந்தாள். அடுத்து கேள்விக்குறிகளுக்கு வந்து, என் காதுக்குப் பக்கத்தில் சத்தமாகக் கேட்டாள்.

"இந்த சுவிட்சுக்கு என்ன பேரு இருந்துச்சு அண்ணா?"

"நான்."

"உங்க பேரா?"

"இல்லை. அவ."

"அப்போ 'அவ'ன்னு போடவா?"

"வேண்டாம். 'நான்'னே போடு."

"நிச்சயமாவா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட முதல் சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும். பெயர்களைப் போட்டாள். ஓட்டினாள். 'நான்' என்பதை என்னையே அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் விளக்கு மங்க ஆரம்பித்தது. மங்கி, சிவந்து, அணைந்தே போயிற்று.

"என்னம்மா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை அண்ணா. முன்னாடி இதுல இருந்த பேட்டரிக்குத் தீர்ந்துபோறதுன்னா என்னன்னே தெரியாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எரியும். புதுசுல நிஜ பேட்டரி மாதிரி நடந்துக்குது. அக்கா போட்டது சின்ன பேட்டரி. தாங்கலை."

"அப்போ அவ போட்டது தப்பா?"

"தப்புன்னு இல்லை. முதல்ல ஓடுதான்னு பார்ப்போம், பேட்டரியை அப்புறம் பெருசாக்கிக்கலாம்னு விட்டிருப்பாங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்." திரையைப் பார்த்தபடியே, "அப்புறம்னு ஒண்ணு இருக்கும்னு நினைச்சிருப்பாங்க" என்றாள்.

"பழையபடி தீராத பேட்டரியா மாத்திடு."

"அதை எடுத்துட்டாங்க அண்ணா. அப்படி ஒரு பேட்டரி உலகத்துல கிடையாது, அதனால அது பிழைன்னு திருத்திட்டாங்க."

"யாரைக் கேட்டுத் திருத்தினாங்க?"

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். என் தொழிலில் ஒரு நாகரிகம் உண்டு, தம்பி. எழுதியவர் இறந்துவிட்டால் அவர் எழுத்தில் கை வைக்கமாட்டோம். பிழையே இருந்தாலும் உள்ளபடி அச்சிடுவோம். தாங்க முடியாவிட்டால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் போடுவோம். இந்த மென்பொருள்காரர்கள் வீடு புகுந்து திருத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே உன்னிடம் ஒரே விண்ணப்பம். அந்த மென்பொருளின் பழைய சிடி தட்டு ஒன்று உன் வீட்டில் கிடப்பதாக அவள் ஒருமுறை சொன்ன ஞாபகம். பரணில் தேடிப் பார். கிடைத்தால் எடுத்துக்கொண்டு வந்து, இந்தத் திருத்திய பதிப்பைத் துடைத்துவிட்டு, அந்தத் தீராத பேட்டரியை மறுபடி வைத்துக் கொடு. கிடைக்காவிட்டாலும் வா. எத்தனையோ முறை நீ கூப்பிட்டும் நான் அசையவில்லை, இப்போது வருகிறேன். உங்கள் வீட்டில் ஒரு மூலை போதும். இங்கே இருந்து என்ன செய்வது? சாயங்காலம் ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே உள்ள சுவரைப் பார்க்கிறேன். என்னைக் கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் நான் செவிடாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்துவிட்டேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கட்டும். கேட்பதை எல்லாம் பொறுத்துக்கொள்ளும் மனமும் கூடவே வாய்க்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் அன்பு. நான் வருவது பற்றி அவளிடம் பக்குவமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: தட்டைத் தேட வேண்டாம். பரணில் ஏறியிருந்தால் இறங்கிவிடு. இந்தப் பின்குறிப்பை முதலில் படி என்று கடிதத்தின் தலையில் எழுதியிருக்க வேண்டும், இப்போது இடமில்லை. உறையை ஒட்டித் தபாலில் போடப் புறப்பட்டவன், லேப்டாப்பை அணைக்காமல் வந்துவிட்டேனே என்று திரும்பிப் போனேன். அவள் வரைந்த பேட்டரிக்குப் பக்கத்தில், 'பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றவா?' என்று திரையில் கேட்டுக்கொண்டு நின்றது. பழைய பதிப்பு என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. உன் அக்காவும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு புள்ளியைக்கூட என்னைத் தொடவிட்டதில்லை. 'ஆம்' என்று அழுத்தினேன். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு மறுபடி தீர்ந்தது; மறுபடி மாற்றினேன். ஒட்டிய உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். தையற்காரரிடம் சாவி விஷயத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வரவில்லை, தம்பி, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. இதோ, அங்கே மறுபடி கேட்கிறது. போக வேண்டும்.