இரும்பு மீனும் இரண்டு குவளை டீயும்

இந்த வருஷம் நடவுக்குச் சேற்றில் கால் வைப்பதே இல்லை என்று சாரெத் கங்கணம் கட்டிக்கொண்டான். சாக்கும் கையில் இருந்தது. கோடையில் ஊர் சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு, பாரம் தூக்காதே என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் உண்டு, அவன் வலை ஊஞ்சல் உண்டு. மாடு, விறகு, தண்ணீர்க்குடம் எல்லாம் மனைவி மாலிஸ் தலையில்.

ஒரே ஒரு எதிரிதான் பாக்கி. நர்ஸ் ரத்தனா கொடுத்தனுப்பிய இரும்பு மீன். மீன் வடிவில் வார்த்த இரும்புக்கட்டி, உள்ளங்கை நீளம். தினமும் அதைப் புளிப்பு சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து குடித்தால் மூன்று மாதத்தில் ரத்தம் ஊறிவிடுமாம். மூன்று மாதத்தில் நடவும் வந்துவிடும்!

அதிலிருந்து தப்பிக்க வழியையும் அந்த நர்ஸ்தான் சொல்லியிருந்தாள். "சாப்பாட்டோட டீ மட்டும் வேணாம் தம்பி. அந்தத் துவர்ப்பு இரும்பைக் கெட்டியாப் புடிச்சுக்கும். உடம்புல சேர விடாது."

மறுநாளே ஆரம்பித்தான்.

"மாலிஸ், சாப்பாட்டோட ரெண்டு குவளை டீ வை."

"டீயா? பதநியத் தவிர எதைக் கண்டாலும் மூஞ்சியச் சுளிப்பீங்களே!"

"வயசாகுதுல்ல."

"நர்ஸம்மா வேணாம்னாங்களே?"

"அது பொம்பளைங்களுக்குச் சொன்னது."

"ஓ" என்றாள் மாலிஸ். அந்த 'ஓ'வை அவன் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

டீ வேளை தவறாமல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"என்னடி, கருகின வாசம் அடிக்குது?"

"ஒசத்தி இலைங்க. அப்படித்தான் இருக்கும்."

எழுந்து போய் அடுப்பைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு ஊஞ்சலை விட்டு இறங்க வேண்டுமே.

மழை பிடித்தது. வயல் நிறைந்தது. மாலிஸ் அவனைத் திரும்பவும் நர்ஸிடம் கூட்டிப்போனாள். விரலை நீட்டும்போது சாரெத் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பிரமாதம் தம்பி! ரத்தம் நல்லா ஏறியிருக்கு. எருமையே தூக்கலாம்."

"இருக்கவே இருக்காதுக்கா! மிஷின் கெட்டுப்போச்சு. மூணு மாசமா வேளைக்கு ரெண்டு குவளை டீ குடிச்சிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். நர்ஸ் மாலிஸைப் பார்த்தாள்.

"டீ எங்கக்கா குடிச்சாரு? சோத்துப் பானையில அடிப்பிடிச்சதைச் சுரண்டி, கருக வறுத்துத் தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சேன். நெறம் மட்டுந்தான் டீ." அவன் பக்கம் திரும்பினாள். "நடவு முடியட்டுங்க. நெசமான டீயே போட்டுத் தர்றேன்."

அன்று மத்தியானமே சாரெத் நாற்றுக்கட்டுகளைக் காவடித்தடியில் மாட்டித் தோளில் ஏற்றினான். வரப்பில் பத்தடி நடந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாரம் கொஞ்சம்கூடக் கனக்கவில்லை.