என் இடுப்பில் கட்டிய பன்றிக் கயிறு

சிங்கப்பூர்,
காலாங் ஆற்றோரக் கம்பம்,
மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை பகல்.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் சேதுபதிப் பிள்ளை அவர்கள் சமுகத்துக்குச் சுந்தரம் எழுதிக்கொள்வது. ஈசன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கும் எழுதவும். சுகம் என்று ஆரம்பித்தால்தான் அது கடிதம் என்று என் தகப்பனார் பழக்கிவிட்டார், அதனால் எழுதினேன். மேலே படிப்பதற்கு முன் அந்த வரியை அடித்துவிடுங்கள். தாளில் கருவாட்டு வாடை அடித்தால் பொறுத்தருள வேண்டும். இது சாகுல் ஹமீது பாய் கடையில் பொட்டலம் கட்டுகிற தாள். என்னுடைய தாள், பேனா, மேசை, மேசை நின்ற வீடு எல்லாம் இன்று காலையில் ஆற்றோடு போய்விட்டன.

மச்சான், வளைகாப்பு முடிந்த கையோடு நீங்கள் எழுதினீர்கள், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், தங்கச்சியைக் கப்பலேற்றி அனுப்பு என்று. இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய கரு, கப்பல் ஆட்டம் தாங்காது என்று நான்தான் மறுத்தேன். கப்பல் ஆடும் என்று பயந்தவனுக்கு வீடே ஆடியது. விடிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர், பல் துலக்கி முடிப்பதற்குள் கட்டிலுக்கு மேலே தண்ணீர், சரி மூட்டையைக் கட்டலாம் என்று திரும்பினால் பாக்கியலட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வலி வந்துடுச்சு" என்கிறாள். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று பெரியவர்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கம்பத்துக்கு, அதாவது இந்தக் குடிசைக் கிராமத்துக்கு, ரோடு கிடையாது. ஆஸ்பத்திரி வண்டி நல்ல நாளிலேயே எட்டிப் பார்க்காது. ஒரு மோட்டார் படகு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அதிலிருந்தவர் ஒலிபெருக்கியை வாயில் வைத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடி வீடுகள் இருக்கிற பக்கம் போய்விட்டார். எங்கள் அடுப்பு அப்போது அவர் படகுக்குப் பக்கத்தில்தான் மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஹமீது பாய்தான் மார்பளவு தண்ணீரில் வந்து, என் வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் பாக்கியத்தைப் படுக்கவைத்து, அவர் தலைமாட்டிலும் நான் கால்மாட்டிலுமாகப் பிடித்து, மரக்கால்கள் மேல் நிற்கிற அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் சம்சாரம் நூருன்னிசா, "வா புள்ள, இது உன் வீடுதான்" என்று உள்ளே அழைத்துப் போனார். இனி மருத்துவச்சி வேண்டுமே? பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்த அல்போன்சம்மாள் இருப்பது மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஆறு சுழித்து ஓடுகிறது. அந்தச் சுழலில் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான், பக்கத்து வீட்டுச் சீனத்தி ஆ சூவின் பன்றித் தீனித் தொட்டி. அதைக் கழிபோட்டுத் தள்ளத் தெரிந்ததும் அவள் ஒருத்திதான். பாவம் விதவை, அவளுடைய பன்றிகள் எல்லாம் வெள்ளத்தோடு போய் ஒரே ஒரு சினைப்பன்றிதான் மிச்சம். அதைக் கிணற்று மேடையில் ஏற்றி, கயிற்றை என் கையில் திணித்து, "பெகாங்! ஜாங்கான் லெப்பாஸ்!" என்றாள். பிடி, விட்டுவிடாதே என்று அர்த்தம். முட்டை வைத்த பாத்திரத்தையே மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்க்கிற வம்சத்தில் பிறந்தவன், பிடித்துக்கொண்டேன். என் பெண்டாட்டிக்காகத் தொட்டியில் போகிறவளிடம் ஆசாரம் பேசவா முடியும்?

அங்கேதான் சனி பிடித்தது. பன்றியைத் தொட்டவன் பாய் வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறுவதானால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். அல்போன்சம்மாள் ஜெபமாலையும் கையுமாகத் தொட்டியில் வந்து இறங்கினாள். அவளுக்குக் கணக்காக ஊற்றி, நூருன்னிசாவின் சேலை ஒன்றைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். எனக்கும் ஊற்றத் தயார்தான். ஆனால் கயிற்றை யாரிடம் கொடுப்பது? பாய் தொட மாட்டார். ஆ சூவோ, கூரைமேல் உட்கார்ந்து கத்துகிறவர்களை ஏற்றிவர மறுபடியும் போய்விட்டாள். கட்டிவைக்கலாம் என்றால் கிணற்றுத் தூணையும் ஆறு கொண்டுபோய்விட்டது. ஆகவே கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மச்சான், கூப்பிடு தூரத்தில் உங்கள் தங்கை அலறுகிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடப் பார்க்கிறேன், கயிறு இழுத்து உட்காரவைக்கிறது. சற்று நேரத்துக்கு முன் சத்தம் அடியோடு நின்றுபோயிற்று. முந்திய இரண்டு தடவையும் இப்படித்தான் நின்றது. போகட்டும் பன்றி என்று முடிச்சை அவிழ்க்கப் போனேன். ஜன்னல் வழியாக எப்படிப் பார்த்தாளோ தெரியவில்லை, உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது:

"அந்தப் பன்னிய விட்டீங்கன்னா என் மூஞ்சில முழிக்காதீங்க! அவளுக்கு வேற என்ன இருக்கு?"

உடனே மறுபடியும் அலறல். நான் முடிச்சை இறுக்கிக்கொண்டு அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பன்றியைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பாய் தூரத்திலிருந்தே தாளையும் பென்சிலையும் எறிந்து, "சும்மா அழுவாதீங்க பிள்ளை, மச்சானுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க, மனசு அடங்கும்" என்றார். எழுதியும் அடங்கவில்லை. இந்தத் தாளின் ஓரத்தைக் கடித்தது எலியல்ல, பன்றி.

நீங்கள் சொன்னதே சரி, மச்சான். இது குடும்பம் நடத்துகிற ஊரல்ல. ஈசன் அவளைப் பிழைக்கவைத்து எனக்குக் கொடுத்தால், உடம்பு தேறியதும் அடுத்த கப்பலிலேயே அனுப்பிவிடுகிறேன். நாகப்பட்டினத்துக்கு வந்து அழைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். கட்டியவளுக்கு ஒரு கூரை கொடுக்கத் தெரியாதவன் நான். அத்தைக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வீடும் வாசலும் இல்லாத,
சுந்தரம்

பின்குறிப்பு: ஆ சூ வந்துவிட்டாள். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். பாய் கூரைத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து என் தலையில் ஊற்றினார். மண்ணுக்கு மட்டும் இன்று பஞ்சமே இல்லை. உள்ளே போனேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். என்னைக் கண்டதும் பாக்கியம் கேட்டது, "பன்னி பத்திரமா?" என்றுதான். கப்பல் பேச்சை எடுத்தேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நூருன்னிசா குழந்தையை என் கையில் கொடுத்து, "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடந்துச்சுன்னு உங்க மச்சானுக்கு எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டேன். நாகப்பட்டினத்துக்கு வரவேண்டாம், சீரோடு இங்கே வாருங்கள். சீக்கிரம் வாருங்கள், தாய்மாமன் நான்தான் என்று பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வரியை அடிக்கச் சொன்னேனே, அடித்திருந்தால் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள்: இவ்விடம் யாவரும் சுகம்.