கருமாதிக்கு முந்தின நாள் நான் சிரிச்ச சங்கதி

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரரின் உடன்பிறந்த அக்கா காமாட்சியம்மாள் அண்ணி அவர்களுக்கு, வடக்குப்பட்டிலிருந்து சந்திரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுத கை வரவில்லை. அங்கு நீங்கள் நலமாக இருந்தால் எங்கள் பங்குக்கும் சேர்த்து இருங்கள்.

அண்ணி, நான் நாலாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. போன் போட்டா உங்களுக்குப் போவ மாட்டேங்குது. நீங்க பிளாக் பண்ணி வெச்சிட்டீங்கன்னு எம் பொண்ணு மதிவதனி சொல்றா. காயிதத்த யாரும் பிளாக் பண்ண முடியாது இல்ல, அதான் எழுதறேன். உங்க தம்பி கருமாதிக்கு முந்தின நாள் நீங்க மாலையோட வந்து எறங்கறப்ப நான் வாயத் தொறந்து சிரிச்சிக்கினு இருந்தேன். அத நீங்க கண்ணால பாத்தீங்க, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி நடந்தத நீங்க பாக்கல. அதத்தான் சொல்ல வரேன்.

கருமாதிக்கு நம்ப பக்கம் ராஜா சாவுற கூத்து வெக்கறது வழக்கம். கண்ணப்பன் வாத்தியார் கூத்து ஜமாவுக்கு வெத்தல பாக்கு வெச்சி சொல்லியும் வுட்டோம். ஆனா ராஜா வேசம் கட்டற பிரசாந்துக்கு கம்பெனில பகலும் ராவும் சேத்து ஷிப்டு போட்டுட்டாங்க, லீவு குடுக்கல. சூப்பர்வைசர் கிட்ட போயி, சார் நான் போயி செத்துட்டு காலைல வந்துடறேன்னு கெஞ்சி இருக்கான். அதுக்கு அவரு, ராஜா சாவட்டும் சாவாம போவட்டும், லைன் நிக்கக் கூடாதுன்னுட்டாராம். ராஜாவ கொல்றவன் இருக்கான், சாவறதுக்கு ராஜா இல்ல. மத்தவங்களுக்கும் நைட் ஷிப்டு. அதனால கூத்த பகல்ல வெச்சிக்கலாம், ஆளு கொறச்சலா இருக்கறதால பழைய சிரிப்பு நாடகம் ஒண்ணு கீது, அத போடறோம்னு கண்ணப்பன் சொன்னாரு. எழவு வூட்டுல சிரிப்பு நாடகமான்னு நான் கேட்டேன் அண்ணி. மொதல்ல கேட்டது நான்தான்.

அதுக்கு அவரு, வூட்டுக்காரம்மாகிட்ட கதையும் ஆளுங்களையும் வெளக்கி சொல்லி, அவங்க தலையாட்டினாதான் போடுவோம், அதுதான் எங்க மொறைன்னு என் எதிருல உக்காந்துட்டாரு. சின்ன வயசுல பாடம் படிக்காதவ, தாலி கழட்டற வாரத்துல உக்காந்து பாடம் படிச்சேன். கதை இதான். சிங்காரம்னு ஒருத்தன் மாடு விக்க சந்தைக்குப் போறான். ஏரியில ஒரு பொணம் மெதக்குது. ஊரு அத சிங்காரம்னு நெனச்சி எடுத்து அடக்கம் பண்ணிடுது. கருமாதி அன்னிக்கு எலை போட்டு சோறு வெக்கறப்ப சிங்காரம் மாட்ட புடிச்சிக்கினு வாசல்ல வந்து நிக்கறான். ஆனா ஒருத்தரும் அவன உயிரோட ஏத்துக்கல. சமையல்காரன் சோறு வீணாவுதேன்றான், மச்சான், தலப்பா கட்டற சடங்கே முடிஞ்சிதுன்றான், ஊரே சேந்து, பந்தி முடியற வரைக்கும் செத்தவனாவே இருய்யா, அப்பால பேசிக்கலாம்னு அவனையும் பந்தியில ஒரு எலைல உக்கார வெச்சிடுது. அவனும் உக்காந்து, எங் கருமாதிக்கு பாயசம் இவ்ளோ தண்ணியாவா வெக்கறதுன்னு சண்ட புடிக்கறான்.

இத நம்ப சபாபதி சித்தப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு. "அந்த மச்சான் என்னை சொல்லிக் காட்டற மாதிரியே கீது"ன்னாரு. "பெரியவரே, இது நீங்க பொறக்கறதுக்கு முன்ன கட்டின கதை"ன்னாரு கண்ணப்பன். "அப்பவே என்மேல கண்ணு வெச்சிருக்கானுங்க"ன்னு எந்திரிச்சிப் போயிட்டாரு.

எனக்கும் சந்தேகம். "அப்போ செத்தது இன்னொருத்தன்னா, அவனுக்கு யாரு காரியம் பண்றது"ன்னு கேட்டேன். கண்ணப்பன் தலைய சொறிஞ்சாரு. "எங்க தாத்தா காலத்துலேருந்து ஆடறோம், யாரும் இத கேட்டதில்லம்மா"ன்னாரு. அப்புறம் பொண்டாட்டி வேசத்துக்கு வந்தோம். புருசன வாசல்ல பாத்ததும் அவ மயக்கம் போட்டு வுழறாளாம். "எதுக்கு வுழறா?" "சிரிப்புக்குத்தாம்மா." "எந்தப் பொண்டாட்டியும் வுழ மாட்டாய்யா. எங்க போயிருந்த இந்நேரம் வரைக்கும், போன் எடுத்தா இன்னான்னு கேப்பா." "அந்தக் காலத்துல போன் ஏதும்மா?" "போன வுடு. எங்க போயிருந்தன்னு கேக்க மாட்டாளா?" அந்தாளு, சரிம்மா மாத்திடறோம்னாரு. அண்ணி, நான் தலையாட்டினது அந்த ஒரு மாத்தத்துக்குத்தான்.

மறுநாள் வெயில் ஏறினப்புறம் ஆட்டம் ஆரம்பிச்சிது. ரோட்டுல கம்பெனி பஸ்ஸுங்க ஹாரன் அடிக்கறது, இங்க ஆர்மோனியம். பொண்டாட்டி வேசம் ரகு கட்டினான். அவனுக்கு நிச்சயதார்த்தம் வருதாம், மீசைய எடுக்க மாட்டேன்னு முந்தானைய வாய் வரைக்கும் இழுத்துக்கினு ஒப்பாரி வெக்கறான். சிங்காரம் வரணும், வரல. சிங்காரம் வேசம் அன்பு. நைட் ஷிப்டு முடிச்சி நேரா வந்தவன், திரைக்குப் பின்னாடி படுத்துத் தூங்கிட்டான். ரகு எத்தினி நேரம்தான் அழுவான்? ஒப்பாரி தீந்து போயி, பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் பேரு சொல்லி அழுதான், கடைசில கேஸ் சிலிண்டரையும் அழுதான். யாரோ ஓடிப் போயி அன்புவ ஒதச்சி எழுப்பினாங்க. வந்தான் அண்ணி, ஒரு கால்ல சேப்டி ஷூ, ஒரு கால் வெறுங்கால், புடிச்சிக்கினு வர வேண்டிய மாட்டையும் மறந்துட்டு, கண்ண கசக்கிக்கினு நம்ப வாசல்ல வந்து நின்னான். ரகுவுக்கு நெசமாவே கோவம். "எங்கய்யா போயிருந்த இந்நேரம் வரைக்கும்?"னு கத்தினான். அன்பு தூக்கக் கலக்கத்துல வசனத்த மறந்துட்டு, "ஓ.டி. பாத்துட்டு வரேன்"னான்.

அண்ணி, உங்க தம்பி வல்லம் வடகால் கம்பெனில செக்யூரிட்டி வேலைக்குப் போன நாள்லேருந்து, லேட்டா வந்தா அதே வாசல்ல நின்னு அதே ஓவர்டைம் பேச்சையேதான் சொல்லுவாரு. மழையில நின்னாலும் அதான், டீக்கடையில நின்னாலும் அதான். நான் நம்பினதே இல்ல. அன்னிக்கு அத கேட்டதும் வந்தது சிரிப்புதானான்னு எனக்கே தெரியல. வாய் தொறந்துக்கிச்சி, மூட வரல. அவரு போனதுலேருந்து அழுவாம இருந்தவ நான், இன்னா கல்லு மனசுன்னு ஊரே சொல்லிச்சி. அந்த நேரம் பாத்து ஆட்டோவுல வந்து எறங்கி மாருல அடிச்சிக்கினு "தம்பீ"ன்னு உள்ள ஓடியாந்தீங்க. அது நாடகத்துல ஒரு வேசம்னு ஜனம் நெனச்சிடுச்சி. அந்தப் பாழாப்போனவன் அன்பும் அப்படித்தான் நெனச்சான். "அழுவாத அக்கா, நான் சாவல"ன்னு உங்க கால்ல வுழுந்தான். நீங்க மாலைய அவன் மூஞ்சியில வுட்டெறிஞ்சீங்க, அது போயி கரெக்டா அவன் கழுத்துல வுழுந்துச்சி. எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க அதே ஆட்டோவுல திரும்பிப் போயிட்டீங்க.

மறுநாள் கருமாதியில உங்களுக்கு ஒரு எலை போட்டு வெச்சோம். ஒருத்தரும் உக்காரல. அண்ணி, அவரு சின்னப் புள்ளையில எப்படி இருந்தாருன்னு தெரிஞ்சவங்க இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்களும் பேசலன்னா நான் யார்கிட்ட போயி கேக்கறது? நான் சிரிச்சது தப்பு. அந்த நாடகத்துக்கு ஒத்துக்கினது அத விட தப்பு. இனிமே அது இருக்கற தெசைக்குக்கூட நான் தலை வெச்சிப் படுக்க மாட்டேன், இது உங்க தம்பி மேல சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்க பசங்களும் பேரப் புள்ளைங்களும் காலத்துக்கும் நல்லா இருக்கணும், அத்தை சொன்னேன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி சம்சாரம்
சந்திரம்மாள்

பின்குறிப்பு: கவர ஒட்டறதுக்குள்ள கண்ணப்பன் வந்துட்டாரு. ஞாயித்துக்கிழம பிள்ளைப்பாக்கத்துல ஒரு கருமாதியாம், அங்கயும் இதையேதான் கேக்கறாங்களாம். ரகுவுக்கு பொண்டாட்டி கோவம் சரியா வரலயாம், என்னை வந்து சொல்லிக் குடுக்கச் சொல்றாரு. முடியாதுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வேன் எத்தினி மணிக்குன்னு கேட்டுட்டேன். மேல இருக்கற சத்தியத்த அடிச்சிடுங்க அண்ணி. உங்களுக்கும் வேன்ல எடம் சொல்லி வெச்சிக்கீறேன். முழுசா பாக்க வேணாம். செத்தவன் வாசல்ல வந்து நிக்கறான் பாருங்க, அது வரைக்கும் பாத்துட்டு ரெண்டு பேரும் எந்திரிச்சி வந்துடலாம்.