சாவியைத் திரும்பப் பெற்றுத் தரும்படி மாமனாரின் விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இறையருளை முன்னிறுத்தி மாமனார் எழுதுவது. தாங்களும் பேரனும் நலமாக இருக்க நாளும் வேண்டுகிறேன். இங்கே உங்கள் அத்தை நலம். பத்து நாளாக எங்களுடன் தங்கியிருக்கும் உங்கள் மனைவியும் நலம். என் நலம் மட்டும் ஐயத்திற்குரியது என்று ஒரு மருத்துவர் தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அதன் பயனாக, இருபத்தாறு ஆண்டுகளாக என் சட்டைப்பையில் இருந்த வாசற்கதவுச் சாவி இப்போது என் மகளின் கைப்பைக்குள் இருக்கிறது. நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவள் கேட்பாள். அதற்காகவே இந்தக் கடிதம்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வழிபாடு முடித்து, என் பழைய அலுவலகத்தைச் சும்மா எட்டிப் பார்த்து வரலாம் என்று போனேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தபால் பிரிவை மேற்பார்த்தவன், ஓய்வு பெற்று மூன்றாண்டு கழித்து ஒருமுறை எட்டிப் பார்ப்பது குற்றமா? என் நாற்காலி காலியாக இருந்தது. மேசைமேல் பிரிக்காத கடிதங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. மனம் பொறுக்கவில்லை. உட்கார்ந்தேன், பிரித்தேன், ஒவ்வொன்றிலும் வரவு முத்திரை குத்தினேன், பதிவேட்டில் ஏற்றினேன், நண்பகலுக்குள் நாற்பத்தொரு கடிதங்களைப் பிரிவுவாரியாக அனுப்பியும் வைத்தேன். புதிய மேலாளர் இருமுறை என்னைக் கடந்து போனார், இரண்டாம் முறை வணக்கமும் சொன்னார். உணவு இடைவேளையில் தட்டச்சு அம்மாள்தான் கூவினார்: "ஐயோ சார், நீங்களா! நீங்க ரிட்டையராகி மூணு வருஷம் ஆச்சே!" "தெரியும் அம்மா, சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் மகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நாற்பத்தொரு கடிதம் பதிவு செய்ததற்கு நன்றி சொல்ல ஆளில்லை, மாப்பிள்ளை!

மகள் அடுத்த வண்டியிலேயே வந்து இறங்கினாள். "அப்பா, ஒண்ணுமில்ல, சும்மா ஒரு செக்கப்" என்று மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் என் பேரன் வயதுக்குச் சற்றே மூத்தவர். முதற்கேள்வி, "ஐயா, இன்னைக்கு என்ன தேதி?" முப்பத்து நான்கு ஆண்டுகள் தினந்தோறும் காலையில் முத்திரையின் தேதியை என் கையால் திருகி மாற்றியவனிடம் தேதி கேட்பதா? இந்த அவமதிப்புக்கு விடை கூற மாட்டேன் என்று சினந்து சொல்லிவிட்டேன். சுழியம் போட்டார்.

பிறகு மூன்று சொற்கள். "நாற்காலி, ஆப்பிள், குடை. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேப்பேன், ஞாபகம் வச்சுக்கோங்க." தொள்ளாயிரம் செய்யுள் மனப்பாடமாக வைத்திருப்பவன் மூன்று சொற்களை உதிரியாகவா வைத்துக்கொள்வேன்? உடனே வெண்பாவாகக் கட்டி முடிந்துகொண்டேன். அவர் கேட்டதும் கணீரென்று சொன்னேன்:

நாற்காலி ஏறி நறும்பழம் தின்பானை
ஏற்காதே மேகக் குடை.

மருத்துவர் தம் தாளைப் பார்த்துவிட்டு, "ஆப்பிள் எங்கே ஐயா?" என்றார்.

"நறும்பழத்துக்குள்ள இருக்குப்பா."

"மேகம்னு நான் சொல்லவே இல்லையே?"

"குடை வந்தா மேகம் சொல்லாமலே வரும்."

இரண்டு தவறு என்று குறித்துக்கொண்டார். தளை தட்டாமல் ஒரு வெண்பாவை நின்ற இடத்தில் பாடியவனுக்கு நினைவாற்றல் குறைவாம்! மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சாவி போயிற்று. "இனிமே எங்கிட்ட இருக்கட்டும்பா. எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நான் கூட வரேன்" என்கிறாள். காற்று வாங்க மாடிப்படி இறங்கினாலும், "எங்கப்பா? எப்ப வருவீங்க?" என்று கேள்வி. அவளது பதினாறாம் வயதில் நான் கேட்ட அதே கேள்விகள், அதே தொனி. உங்கள் அத்தையிடம் முறையிட்டேன். "அவ கேக்குறதுல என்ன தப்பு? பதில் சொல்லிட்டுப் போங்களேன்" என்கிறார். போதாக்குறைக்கு, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆயுள் முழுதும் உறைகளின் முகவரியைப் படித்தவன் இன்று நானே முகவரி ஒட்டிய உறையாகிவிட்டேன். அஞ்சல்தலைதான் பாக்கி.

வாழ்க்கை எனக்குக் கற்பித்தது ஒன்றைச் சொல்கிறேன். மறதிக்கு வயதுக்கு வயது பெயர் மாறுகிறது. இளைஞன் மறந்தால் காதல் என்கிறார்கள், நாற்பதில் மறந்தால் வேலைப்பளு என்கிறார்கள், ஓய்வு பெற்றவன் மறந்தால் மட்டும் நோய். தவறாக எண்ண வேண்டாம், சென்ற ஆண்டு நீங்கள் பேரனைப் புத்தகக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு வந்து கைகால் கழுவிச் சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டீர்கள். எல்லோரும் சிரித்தோம். உங்கள் கார்ச் சாவியை யார் பிடுங்கினார்கள்? "அவருக்கு ஆபீஸ்ல டென்ஷன்பா" என்றாள் உங்கள் மனைவி. எனக்கு ஆபீஸ் இல்லாததுதான் என் குற்றம் போலும்.

ஆகவே, நான் மறதிக்காரன் அல்லன் என்பதையும், அன்று அலுவலகம் சென்றது முழு நினைவோடுதான் என்பதையும் உங்கள் மனைவிக்கு எடுத்துரைத்து, சாவியை மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பேரனுக்கு முத்தங்கள். எல்லாம் வல்லவன் உங்கள் இல்லத்தில் குறைவின்றி நிறைவானாக.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை உறங்குகிறார். உறையை நானே ஒட்டப்போவதால் இதையும் எழுதுகிறேன். அந்தத் திங்கட்கிழமை நான் எட்டிப் பார்க்கப் போகவில்லை. வேலைக்குப் போனேன். தாமதமாகிவிட்டதே என்று வழி முழுவதும் பெரிய அதிகாரிக்குச் சமாதானம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள். அவரது இறுதி ஊர்வலத்தில் நானும் நடந்திருக்கிறேன். தட்டச்சு அம்மாள் கூவும் வரை எனக்கு எதுவும் தெரியாது. தேதி கேட்டபோது நான் சினந்ததற்குக் காரணமும் சினம் அன்று. தெரியவில்லை, மாப்பிள்ளை. சாவி அவளிடமே இருக்கட்டும். மருத்துவர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன். அன்று விடுப்பு எடுத்து நீங்கள் உடன் வாருங்கள். பதில் தெரியாமல் மகளுக்கு எதிரில் உட்கார என்னால் முடியவில்லை.