ஜெயித்த சண்டைகள்

"கோபத்துலயோ அழுகையிலயோ மூச்சு வேகமா வாங்கினா, மூளைக்குப் போற ரத்தம் இன்னும் குறையும். அப்பதான் உங்க மனைவிக்குப் பேச்சு நின்னுபோகுது," என்றார் டாக்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த பிளம்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மூன்று வருடமாக, சண்டையில் மனைவி பாதியில் வாயடைத்துப்போனபோதெல்லாம் தான் ஜெயித்துவிட்டதாக அல்லவா நினைத்திருந்தார்? கூட வேலை பார்ப்பவர்களிடம் பீற்றிக்கொண்டது வேறு.

"மோயமோயான்னு அபூர்வமான வியாதி. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. நெற்றிப்பொட்டுல ஓடுற குழாயை எடுத்து, மண்டையோட்டுல துளைபோட்டு, உள்ள இருக்கிற குழாயோட இணைக்கணும். உங்க தொழில்தான்."

"நான் போட்ட ஜாயின்ட்டெல்லாம் ஒழுகியிருக்கு சார்."

டாக்டர் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. கோபமும் அழுகையும் ஆகாது என்று சொன்னால் பயந்து அழுவாள் என்று, அதை மட்டும் மனைவியிடம் மறைத்தார். அவள் எது சொன்னாலும், "சரிம்மா" என்றார்.

மூன்றாம் நாள் அவள் முறைத்தாள். "யாரு அவ?"

"யாரும்மா?"

"வெறும் ஆபரேஷனுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனா மாறுவானா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய் அவர் மாடிக்கு நழுவினார். அவளும் விடாமல் படியேறி வந்தாள். மூச்சு இன்னும் இரைத்தது.

"உன் தங்கச்சிதான் உன்கிட்ட பதமா நடந்துக்கச் சொன்னா," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"என் வீட்டு விஷயத்துல அவளுக்கு என்ன வேலை?" அவள் உடனே தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினாள். கத்திக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து போன் நழுவியது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

அவர் அவளைத் தாங்கி உட்காரவைத்து, பேச்சு திரும்பும்வரை கையை விடவில்லை. "எல்லாம் என்னாலதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. புதுக் குழாயில் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வார்டிலிருந்து நர்ஸ் ஃபைலோடு வெளியே வந்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை பேச்சு நின்னுபோச்சு சார்?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஐம்பது தடவை இருக்கும்மா. பாவி, அத்தனையும் நான் ஜெயிச்சதா நினைச்சேன்."

நர்ஸ் ஃபைலைப் பார்த்தாள். "அவங்க ரெண்டே தடவைதான்னாங்க. மிச்சமெல்லாம், உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு அவங்களே நிறுத்திக்கிட்டதாம்."